திலகமணியைப் பார்க்க வந்த மூன்று ஊர்கள்

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவது எந்த வீதிக்கும் புதிதல்ல. தாராபுரத்து உப்புக்கிடங்கு வீதிக்கு மட்டும் ஒரு ஆனி மாதத்தில் மூன்று ஊர்கள் வந்தன, வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயின. எப்படி வந்தன, எதில் வந்தன என்று நீங்கள் கேட்கக்கூடும். வீதிக்காரர்கள் கேட்கவில்லை. ஒரு ஊரே வரும்போது எத்தனை நாற்காலி வாடகைக்கு எடுப்பது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

திலகமணி அந்த வீதியில் பதினாலாம் நம்பர் வீட்டுக்காரி. நாற்பத்தொரு வயது, வாசல்நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைகிற உயரம், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் பதினேழு வருடமாக ஆங்கிலம் நடத்துகிற உத்தியோகம். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, ஆங்கிலத்துக்கு இரண்டு டீச்சர் எதற்கு, ஆகஸ்டுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டார்கள். அவள் அதற்கு அழவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவதற்கென்று இருக்கிற ஒரு படிப்பை, சாதம் வேகும் நேரத்திலும் துணி காயும் நேரத்திலும் எட்டு மாதம் செல்போனிலேயே படித்து முடித்து, கண்ணில் பட்ட ஊர்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டாள். மூன்று ஊர்கள் வாருங்கள் என்றன: ஓமானில் நிஸ்வா, ஜார்ஜியாவில் குத்தாயிசி, வியட்நாமில் குய் நோன். எதுவென்று ஜூலை பதினாறுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதுதான் ஆனியின் கடைசி நாள். மறுநாள் ஆடி பிறந்துவிட்டால் உப்புக்கிடங்கு வீதியில் ஒரு புது விளக்குமாறுகூட வாங்க மாட்டார்கள்.

அவள் அதுவரை தனக்கென்று எதையும் தானே தேர்ந்தெடுத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படித்த கல்லூரி, பஸ் நேராகப் போகிறது என்பதற்காக. சேர்ந்த பள்ளி, முதலில் கூப்பிட்டது என்பதற்காக. கல்யாணத்துக்கு ஒன்பது பேர் வந்து பார்த்தார்கள். ஒன்பது பேரும் சாப்பிட்டார்கள், ஒன்பது பேரும் "போய் லெட்டர் போடறோம்" என்றார்கள். வந்த லெட்டர்களில் ஒருவருக்கு உயரம் அதிகம், ஒருவருக்குப் படிப்பு அதிகம், மீதிப்பேருக்கு என்ன அதிகம் என்று எழுதியிருக்கவில்லை. இப்போது மூன்று ஊர்களில் ஒன்றைப் பொறுக்கி எடு என்று வாழ்க்கை அவள் முன்னால் நீட்டியது. அது கை நழுவிப் போனால் இன்னொன்று வராது என்று அவளுக்குத் தெரியும், அவள் அப்பாவுக்குத் தெரியும், எதிர்வீட்டு மாவுமில் மயிலாத்தாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

ஊர்கள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டென்றால் அது ஒரு பழக்கதோஷம்தான். மூன்று பேருக்கும் நன்றி எழுதி, யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டவள், கடிதம் முடிக்கும்போது நாமெல்லோரும் எழுதுகிற மாதிரி, "எங்கள் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வரவேண்டும்" என்று எழுதிவிட்டாள். நாம் எழுதுகிறோம், யாரும் வருவதில்லை, எழுதுகிறவர் எதிர்பார்ப்பதுமில்லை. அந்த மூன்று ஊர்களுக்கு இது தெரியாது. அவசியம் என்று சொல்லியிருக்கிறார்களே என்று புறப்பட்டுவிட்டன.

முதலில் வந்தது நிஸ்வா. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ராகு காலம் பிறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக, வீதி முனையில் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வட்டக் கோட்டை வந்து நின்றது. ஊர் முழுசாகத்தான் வந்திருந்தது, ஆனால் முதல்தடவை ஒரு வீட்டுக்கு வருகிறவர் நாற்காலி நுனியில் உட்காருவதுபோல ஒடுங்கி, பேரீச்சை மரங்களின் மட்டைகளைக் கரண்டுக் கம்பியில் படாமல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தன் வாய்க்கால்களைச் சாக்கடையில் கலக்காமல் ஓரமாக ஓடவிட்டுக்கொண்டு, சந்தைக்குக் கூட்டிவந்த ஆடுகளை யார் வீட்டுச் செடியையும் கடிக்காதபடி அதட்டிக்கொண்டு வந்திருந்தது. வெள்ளை அங்கியும் பூவேலைத் தொப்பியும் போட்ட பெரியவர்கள் வாடகை நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மயிலாத்தா தன் மில்லை நிறுத்தினாள். தீபாவளிக்கும் நிறுத்தாத மில் அது.

"ஏனுங்க டீச்சரம்மா, பட்டுச் சேலையக் கட்டிக்குங்க" என்று ஓடிவந்தவர் தரகர் செங்கோடன். அந்த ஒன்பது பேரையும் கூட்டிவந்தவர் அவர்தான்; அந்தக் குறை அவர் மனசில் முள்ளாகக் கிடந்தது. "வந்தது ஆளா இருந்தா என்ன, ஊரா இருந்தா என்ன? பாக்க வந்தவங்களுக்கு ஒரு முறை இருக்குதுல்லீங்க?"

முறைப்படி எல்லாம் நடந்தது. திலகமணி பட்டுச் சேலை கட்டி, தலை குனிந்து, காப்பித் தட்டோடு வந்தாள். ஆனால் வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, வீதிக்கு ஆங்கிலம் தெரியாது, இரண்டும் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். ஆகவே பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே நடுவில் நின்று இந்தப் பக்கத்துக் கேள்வியை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துப் பதிலை இந்தப் பக்கமும் சொல்ல வேண்டியதாயிற்று. தலை குனிந்தபடியே சொன்னாள், அதுதான் வேடிக்கை.

"பொம்பள தனியா இருந்தா அந்த ஊர்ல ஏதாச்சும் பேசுவாங்களான்னு கேளு" என்றாள் மயிலாத்தா. "தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுன்னு கேளு."

தண்ணீர்க் கேள்விக்கு ஊர் வாயால் பதில் சொல்லவில்லை. அதன் வாய்க்கால் ஒன்று மெல்ல நகர்ந்து, பொதுக்குழாயடியில் நாலு நாளாகக் காத்துக்கிடந்த குடங்களை ஒவ்வொன்றாக நிரப்பிவிட்டுத் திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. வீதி அதற்கு மேல் நிஸ்வாவை எதுவும் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரில் வைத்த பருப்பு எப்போதையும்விடச் சீக்கிரம் வெந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள்.

புறப்படும்போது அந்த ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியை திலகமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குப் பிடித்திருக்கிறது, இனி உங்கள் விருப்பம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். செங்கோடன் ஆவலாக, "என்னுங்க சொல்றாங்க?" என்றார். தன்னைப் பிடித்திருக்கிறது என்பதைத் தன் வாயாலேயே எப்படிச் சொல்வாள்? "போய்ட்டு வர்றோம்னு சொல்றாங்க" என்றாள் திலகமணி. சொன்ன பிறகு, அது மரியாதைக்குச் சொன்னதாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பிவிட்டாள். மரியாதையாகப் பேசிவிட்டுப் போனவர்களை அவள் ஒன்பது முறை பார்த்திருக்கிறாள்.

அடுத்த புதன்கிழமை குத்தாயிசி வந்தது. வரும்போதே குளிரைக் கூட்டிக்கொண்டு வந்ததால், ஊட்டிக்குப் போவதற்காக எப்போதோ வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த ஸ்வெட்டர்களெல்லாம் ரசகற்பூர வாசத்தோடு வீதிக்கு வந்தன. வெள்ளைக் கூழாங்கற்களோடு ஓர் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம், பாலத்தின் மேல் நின்று சிரிக்கிற பருத்த பெண்கள், நூலில் கோத்துத் திராட்சைப்பாகில் தோய்த்த அக்ரூட் மாலைகள். பஜ்ஜியை அவர்கள் இரண்டு கையாலும் எடுத்துச் சாப்பிட்டார்கள். பிறகு அவர்கள் பழக்கப்படி ஒவ்வொருவராக எழுந்து, கோப்பையை உயர்த்தி, வீதியைப் புகழ்ந்து, வீதியின் நாய்களைப் புகழ்ந்து, காற்றைப் புகழ்ந்து நீளமாகப் பேச ஆரம்பித்தார்கள். கோப்பையில் மோர்தான் இருந்தது; மயிலாத்தா வேறெதையும் அனுமதிக்கவில்லை.

பதில் பேச வேண்டியவர் திலகமணியின் அப்பா நாச்சிமுத்து. அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர்ப் பெயர்களைத் தவிர அதிகம் பேசிப் பழகாதவர். எழுந்து மோர் டம்ளரைத் தூக்கிப் பிடித்து, "வந்ததுக்கு ரொம்பச் சந்தோசமுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அதைத் திலகமணி மொழிபெயர்த்ததும் குத்தாயிசி முழுவதும் கைதட்டியது.

கடைசியாக ஒரு நரைத்த மனிதர், இந்த வீட்டில் வாழ்ந்து மறைந்தவர்கள் யார் என்று கேட்டார். "எங்கம்மா" என்றாள் திலகமணி. பெயர் கேட்டார். "ருக்குமணி." ஊரே எழுந்து நின்றது. ஒருத்தர் குரல் மேலே, ஒருத்தர் குரல் நடுவே, ஒருத்தர் குரல் அடியிலே என்று மூன்று குரலாகப் பிரிந்து அவர்கள் ருக்குமணிக்காக ஒரு பாட்டுப் பாடினார்கள். பார்க்க வந்த ஒன்பது வீட்டாரில் ஒருவர்கூட அம்மாவின் பெயரைக் கேட்டதில்லை என்று அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். திலகமணி அந்த மனிதரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த ஊரின் மேல் அவ்வளவு அன்பு வந்தது.

அவர்களும் போகும்போது அதையேதான் சொன்னார்கள்: பிடித்திருக்கிறது, உங்கள் விருப்பம். அவளும் அதையேதான் சொன்னாள்: போய்ட்டு வர்றாங்களாம்.

குய் நோன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சேதி. மூன்று மணிக்கு நாற்காலி போட்டாயிற்று, வாழைக்காய் சீவியாயிற்று, நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிட்டது, ஆறு மணிக்கு மாவு புளித்துவிட்டது. வரவில்லை. "வராட்டி வல்லைன்னு ஒரு போன் போடறதில்லையா?" என்று மயிலாத்தா புளித்த மாவைச் சாக்கடையில் கொட்டினாள். செங்கோடன் வாடகை நாற்காலிகளை மடக்கி அடுக்கினார். திலகமணி பட்டுச் சேலையை மடித்து வைத்தாள். ஊர்கூடப் பாதி வழியில் யாரிடமோ விசாரித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதோ என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவள் ஏழாம் வகுப்பில் வழி கேட்பது எப்படி என்று நடத்திக்கொண்டிருந்தாள். தோய்த்துத் தோய்த்து நரைத்த நூல் சேலை, இடது கை முழுக்கச் சாக்பீஸ் தூள். மூலையில் ஒரு பெஞ்சைத் தபால் ஆபீஸ் ஆக்கி, இன்னொன்றை ஆஸ்பத்திரி ஆக்கி, பிள்ளைகளை வழிப்போக்கர்களாக நடக்கவிட்டுக்கொண்டிருந்தபோது கணுக்கால் ஜில்லென்றது. கடல் பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டி, மைதானத்தைக் கடந்து, வராந்தாவில் ஏறி, வகுப்புக்குள் ஒரு சாண் உயரத்துக்கு வந்து நின்றிருந்தது. அதன் பின்னால் குய் நோன் வந்திருந்தது. வட்டக் கூடைப் படகுகளைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு மீனவர்கள், மீன் கூடைக்காரப் பெண்கள், மோட்டார்பைக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்த வாத்தியார்கள், சீருடைப் பிள்ளைகள் எல்லோரும் கடைசி பெஞ்சிலும் ஜன்னல் கட்டையிலும் சுவரோரத்திலும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அவள் பாடத்தை நிறுத்தி வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்து, பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை எழுந்து, தபால் ஆபீசுக்கு எப்படிப் போவது என்று தப்பில்லாமல் கேட்டுவிட்டாள். திலகமணிக்கு அதற்குப் பிறகு கடல் நினைவில்லை. நாற்பது நிமிடம் நடத்தினாள். அவள் சொன்னதைப் பிள்ளைகள் திரும்பச் சொன்னார்கள், பிள்ளைகளோடு சேர்ந்து மீனவர்கள் திரும்பச் சொன்னார்கள், கூடைக்காரப் பெண்கள் தங்களுக்குள் வழி கேட்டுச் சிரித்துக்கொண்டார்கள், ஒரு வயசாளி ஆஸ்பத்திரிக்குப் பதிலாகத் தபால் ஆபீசில் போய் உட்கார்ந்து திட்டு வாங்கினார். மணி அடித்ததும் அந்த ஊர் தன் வழக்கப்படி வேப்பமரத்து நிழலில் பாய் விரித்து ஒரு மணி நேரம் மத்தியானத் தூக்கம் போட்டது. எழுந்து, முகம் கழுவி, கடலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. தரையில் உப்புப் படிந்திருந்தது. நாலைந்து குட்டி நண்டுகளை வாட்ச்மேன் வாளியில் பிடித்து அமராவதி ஆற்றில் விட்டுவிட்டு வந்தார்.

"வீட்டுக்கு வராம வேல செய்யற எடத்துக்கா போறது?" என்று மயிலாத்தா கொதித்தாள். "இதென்ன மரியாத? ஒரு வாய்த் தண்ணி குடிக்கல, உன்ற அப்பாவப் பாக்கல. நாளும் தப்பு, எடமும் தப்பு."

"நூல் சேலைல பாத்துட்டாங்களே" என்று செங்கோடன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நனைந்த சேலைக் கரையைப் பிழிந்துவிட்டு அடுப்படிக்குப் போன திலகமணி அன்றைக்குக் குழம்பு கொதிக்கும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வீதி காத்திருக்க ஆரம்பித்தது. மூன்று ஊர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன; இனி பார்த்தவர்கள்தான் சொல்லியனுப்ப வேண்டும், பெண் வீட்டார் முந்திக்கொள்ளக்கூடாது. இதில் உப்புக்கிடங்கு வீதிக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. தபால்காரரை வீதி முனையிலேயே மறித்து விசாரித்தார்கள். ஆனிக் காற்று புழுதியை வாரி வீசியது, ஊரைச் சுற்றியிருந்த காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றின, கடிதம் மட்டும் வரவில்லை. அந்தப் பக்கம் மூன்று ஊர்களும் இவள் கையெழுத்துக்காகத் தங்கள் தங்கள் இடத்தில் காத்துக்கொண்டிருந்தன. நிஸ்வாவின் கோட்டை கிழக்குப் பார்த்துத் திரும்பி நின்றதாகவும், குத்தாயிசியில் ஆறு ஒரு நாள் முழுக்க நிதானித்து ஓடியதாகவும் பின்னால் தெரிந்தது.

படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நீங்கள் அவளைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்துப் போட வேண்டியது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று பேரும் வாருங்கள் என்றது அவளைப் பார்ப்பதற்கு முன்னால். பார்ப்பதற்கு முன்னால் ஒன்பது பேருக்கும் ஜாதகம் பொருந்தித்தான் இருந்தது. பார்த்த பிறகுதான் பதில் மாறியது. ஆகவே பார்த்த பிறகு ஒரு பதில் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. ஜூலை பத்து போயிற்று, பன்னிரண்டு போயிற்று. மயிலாத்தா, "விடு அம்மிணி, ஊரா இல்ல உனக்கு?" என்று இப்போதே ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

பதினாலாம் தேதி காலை, அவள் பள்ளிக்குப் போக மினிபஸ்ஸுக்கு நிற்கும்போது நாச்சிமுத்து கூட வந்து நின்றார். அவர் அப்படி வருகிற ஆளில்லை. மினிபஸ் வந்தது. அதில் கண்டக்டராக இருந்த பெண் இறங்கி, பையோடு நின்ற ஒரு அம்மாவிடம், "எங்கீங்க போகோணும்?" என்று கேட்டாள். அந்த அம்மா மூலனூர் என்றாள், ஏறினாள். நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது, திலகமணி ஏறவில்லை, ஏனென்றால் அப்பா அவள் கையைப் பிடித்திருந்தார்.

"முப்பத்தொரு வருசம்" என்றார் அவர், "ஏறுன அத்தன பேருகிட்டயும் எங்க போகோணும்னு கேட்டிருக்கறேன். பிச்சக்காரன்கிட்டக் கேட்டிருக்கறேன், பைத்தியக்காரன்கிட்டக் கேட்டிருக்கறேன். நானா ஒருத்தருக்கு ஒரு ஊரக் கிழிச்சுக் குடுத்ததில்ல. உன்கிட்ட மட்டும் ஒரு நாளும் கேக்கல. வர்றவன் சொல்லுவான், வர்றவன் சொல்லுவான்னு உன்னய உக்கார வெச்சிட்டேன்."

"அப்பா, விடுங்கப்பா."

"எங்க போகோணும் கண்ணு?"

ஆனிக் காற்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. நாற்பத்தொரு வருடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பதில் எங்கோ தொலைவில் இருக்கும் என்று நினைத்தாள், ஆனால் அது நாக்கு நுனியிலேயே இருந்தது.

"குய் நோனுக்குங்கப்பா" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "மத்த ரெண்டும் தங்கமான ஊருங்கப்பா. ஆனா அவங்க என்னையப் பாத்தாங்க. இவங்க நான் பாடம் நடத்தறதப் பாத்தாங்க."

"செரி" என்றார் நாச்சிமுத்து. "அப்பறம் என்ன, கையெழுத்தப் போடு."

போட்டாள். நடுவீதியில், மயிலாத்தா மில்லின் மாவு படிந்த மேஜையில் செல்போனை வைத்து, விரலாலேயே போட்டாள். குய் நோன் அதே நிமிடம் பதில் போட்டது. சேதி தெரிந்ததும் வீதி முதலில் திகைத்தது, பெண் வீட்டார் முந்திக்கொண்டதாக எங்கேயாவது உண்டா என்று கொஞ்சம் முணுமுணுத்தது, பிறகு வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. மற்ற இரண்டு ஊர்களுக்கும் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது கவலை. "பொருந்தலைன்னு ஒரு வரி எழுதிப் போடற வேலையே வேண்டாம்" என்றாள் மயிலாத்தா. "அது எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும்." அவள் இரண்டு ஊருக்கும் ஒப்பிட்டு என்கிற பருப்புப் போளி சுட்டாள், தலைக்கு ஒன்று என்று கணக்கிட்டால் ஒரு ஊருக்கு எத்தனை ஒப்பிட்டு என்று யோசித்துப்பாருங்கள், மில் இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. திலகமணி இரண்டு கடிதம் எழுதினாள். தண்ணீருக்கு நன்றி என்று ஒன்றில் எழுதினாள், அம்மாவின் பெயரைக் கேட்டதற்கு நன்றி என்று இன்னொன்றில் எழுதினாள், உங்களைப் பார்த்திருக்காவிட்டால் எனக்குத் தேர்ந்தெடுக்கத் தைரியம் வந்திருக்காது என்று இரண்டிலும் எழுதினாள். கோபித்துக்கொள்ளாத ஊர்கள். நிஸ்வாவிலிருந்து பொதுக்குழாயடிக்கு ஒரு பேரீச்சங்கன்று வந்தது. குத்தாயிசியிலிருந்து அரைநாள் குளிர் வந்தது. கொளுத்துகிற மத்தியானத்தில் வீதி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கியது.

பெண் கொடுக்கும் முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பது முறை. ஆகவே ஜூலை பதினாறாம் தேதி, ஆனியின் கடைசி நாள், விடிந்ததும் விடியாததுமாக உப்புக்கிடங்கு வீதி வியட்நாமுக்குப் புறப்பட்டது. வீதியின் அறுபத்திரண்டு வீடுகளும் திண்டுக்கல் பூட்டைப் பூட்டிக்கொண்டு, அரசமரத்தடிப் பிள்ளையாரும், டிரான்ஸ்பார்மரும், மாவுமில்லும், ஏழு நாய்களுமாக ஒடுங்கி, குய் நோனின் வளைந்த கடற்கரையில் ஒரு ஓரமாக, யாருடைய வலையையும் மிதிக்காமல் போய் உட்கார்ந்தன. பிள்ளையார் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபடி இருந்தார். அந்த ஊர்ப் பெண்கள் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். மில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒரு கூட்டம் நின்றது. இறால் வைத்து வார்த்த தோசை ஒன்றைக் கொடுத்தார்கள், சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டார்கள், மற்றவர்களுக்கு வாழைப்பழம்.

திலகமணிக்கென்று பள்ளிக்குப் பக்கத்தில் மாடியில் இரண்டு அறை வைத்திருந்தார்கள். மயிலாத்தா அதை ஒரு மணி நேரம் சோதித்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள், குளியலறைத் தாழ்ப்பாளை ஆறு தடவை போட்டு எடுத்தாள், ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து எதிர்வீட்டுக்காரியை முறைத்தாள், எதிர்வீட்டுக்காரி சிரித்ததும் தானும் சிரித்துவிட்டாள். வாசல்நிலையில் நின்று கையை உயர்த்தி அளந்து, "தல இடிக்காது" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "பதினேழு வருசமா எதுத்தாப்புல இருக்கறேன்" என்று மூக்கைச் சிந்தினாள், "ஒரு நா உன்ற பள்ளிக்கூடத்துக்கு வந்து எட்டிப் பாக்கலியே நானு."

"தெனமும் எனக்கு மாவு அரைச்சுக் குடுத்தீங்களேக்கா" என்றாள் திலகமணி. "நீங்க இல்லாட்டி நான் வாசலத் தாண்டியிருக்க மாட்டேன்." அவள் அதை ஒப்புக்குச் சொல்லவில்லை. மயிலாத்தாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள்.

மத்தியானத் தூக்கம் முடிந்து, ஊர் எழுந்து, வெயில் சாய்ந்தது. பொழுதோடு திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆடி பிறந்துவிடும். வீதிக்காரர்கள் அவரவர் வாசலில் போய் நின்றார்கள். நாச்சிமுத்து முனையிலிருந்து முனைவரைக்கும் நடந்து, ஒவ்வொரு வாசலாக விரலால் தொட்டு ஆட்களை எண்ணினார். பழனிக்கும் திருச்செந்தூருக்கும் சிறப்புப் பேருந்து விடும்போது அவர் எண்ணுகிற மாதிரியே எண்ணினார். இருநூற்றுப் பதினாறு வர வேண்டும். இருநூற்றுப் பதினைந்துதான் வந்தது.

"ஒண்ணு கொறையுதுங்களே" என்றார் செங்கோடன், பழக்கத்தில்.

நாச்சிமுத்து கடற்கரையைத் திரும்பிப் பார்த்தார். திலகமணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து பதில் சொல்லிவிட்டு, நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள், கையை உயர்த்தினாள். ஆள் குறைய அவர் ஒரு வண்டியையும் எடுக்கவிட்டதில்லை.

"கொறையல" என்றார். "எறங்க வேண்டியவங்க எறங்கிட்டாங்க."

பிறகு கம்பியைப் பிடிக்கிற மாதிரி டிரான்ஸ்பார்மர் தூணைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குக் கேட்கும்படி உரக்க, "போலாம், ரைட்!" என்றார்.

வீதி புறப்பட்டது.